குந்தவை ஆடப் போன கதை

மழைக்காலத்து வரப்பிலும் பேருந்து நிலையத்துப் பாசித் தரையிலும் ஒருநாளும் விழாத குந்தவை, கடைக்குள்ளே, காய்ந்த சிமெண்டுத் தரையில், பிரிண்டருக்கும் மேசைக்கும் நடுவே இருந்த நாலெட்டு இடத்தில் விழுந்தாள்.

ஐப்பசி மாதம். சம்பாப் பயிருக்கு இன்ஷூரன்ஸ் கட்டக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. தாலுகா ஆபீசுக்கு எதிரே காதர் மைதீன் நடத்தும் ஜெராக்ஸ் கடையில் சிட்டாவும் அடங்கலும் எடுக்க வந்த கூட்டம் ரோடு வரைக்கும் நின்றது. காலையிலிருந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தவள், அச்சாகி வந்த காகிதத்தை எடுக்க எழுந்தாள். இடது காலில் இரும்பும் தோலுமாக மாட்டியிருந்த காலிப்பரில் முழங்கால் பூட்டு சரியாகப் பூட்டிக்கொண்ட சத்தத்தை அவள் கேட்டாள். வலது கக்கத்தில் கட்டையும் சரியாகத்தான் இருந்தது. மடங்கியது வலது கால். நல்ல கால் என்று அவள் நாற்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த கால்.

காதர் மைதீன் கல்லாவை விட்டு ஓடிவந்தார். "என்னம்மா, வயர் தடுக்கிடுச்சா?"

"ஆமா பாய், வயர்தான்" என்றாள். தடுக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். யாரோ தண்ணீர் கொடுத்தார்கள், யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்கள். வரிசையில் நின்ற ஒருவர், "பாவம், இதுக்கு வீட்லயே இருக்கலாம்ல" என்றார். அவருடைய அடங்கலையும் எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் அன்றைக்கு அவள் கிளம்பினாள்.

குந்தவைக்கு நாற்பத்தைந்து வயது. நடக்கப் பழகிய சில மாதங்களில் ஒரு காய்ச்சல் வந்து, இறங்கும்போது அவளுடைய நடையையும் கொண்டுபோயிற்று. சொட்டு மருந்து வீடு தேடி வராத காலம். அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கும், நாகூர் தர்காவுக்கும், எண்ணெய் போட்டு உருவிவிடும் வைத்தியர் வீடுகளுக்கும் அலைந்தார். இடது கால் சூம்பியே போயிற்று. வலது கால் பாதி பிழைத்தது. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு முழு ஆளாக நிற்க வேண்டும் என்பது அம்மாவின் வைராக்கியம். "ஒன்னால ஆவாதுன்னு எவ வாயிலயும் வரக் கூடாதுடி" என்று சொல்லிச் சொல்லியே வளர்த்தாள்.

பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வகுப்பு வந்தால் பிள்ளைகள் செருப்பையும் பையையும் வேப்பமரத்தடியில் அவளைச் சுற்றிக் குவித்துவிட்டு ஓடுவார்கள். "நீ பாத்துக்கம்மா" என்பார் டீச்சர். அவளும் பார்த்துக்கொள்வாள். ஒரு செருப்பு கூடத் தொலைந்ததில்லை. கெட்டிக்காரி என்று பேர் எடுத்தாள். டைப்ரைட்டிங் படித்தாள், கம்ப்யூட்டர் படித்தாள், காதர் மைதீன் கடையில் சேர்ந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அப்பாவும் அம்மாவும் போனபின் தம்பி சூர்யபிரகாஷின் வீட்டில் இருக்கிறாள். தம்பி சிங்கப்பூரில் கட்டட வேலை. நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். வீட்டில் குந்தவையும் தம்பி மனைவி தமிழ்நிலாவும் பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண் பிள்ளையும்தான்.

அந்த வீட்டில் குந்தவை ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு யாரும் கேட்டதில்லை. தன் துணியைத் தானே துவைப்பாள். காய் நறுக்கித் தருவாள், பிள்ளைக்குப் பாடம் சொல்வாள், ஞாயிற்றுக்கிழமை தேங்காய் துருவுவாள். ஒருவர் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலை எதையும் மிச்சம் வைக்க மாட்டாள். சும்மா இருந்தால் சோற்றுக்குக் கணக்குப் பார்ப்பார்களோ என்ற பயம் தம்பி வீட்டில் யாரும் அவளுக்கு உண்டாக்கியதல்ல. அது அவளோடு பிறந்ததைப் போல ஒட்டிக்கொண்டிருந்தது.

அசதியும் அப்படித்தான். எல்லோருக்கும் சாயங்காலம் வரும் அசதி அவளுக்குக் காலையில் கண் விழிக்கும்போதே கட்டிலில் பக்கத்தில் படுத்திருக்கும். இப்போதெல்லாம் வலது தோள்பட்டையும் சேர்ந்துகொண்டது. நாற்பது வருஷம் உடம்பைக் கக்கத்துக் கட்டையில் தொங்கவிட்ட தோள். தலை வாரக் கை தூக்கினால் பல்லைக் கடிக்க வேண்டும்.

விழுந்த விஷயத்தைத் தமிழ்நிலாவிடம் சொன்னது காதர் மைதீன்தான், போனில். "வயரெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நான் பாத்தேன். கால் தானா மடங்குச்சு. கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க" என்றார். அப்படித்தான் தஞ்சாவூரில் ஒரு அறக்கட்டளை நடத்தும் மறுவாழ்வு மையத்துக்கு அவள் போய்ச் சேர்ந்தாள்.

அங்கே அவளைப் பார்த்தது ரிஃப்கா. முத்துப்பேட்டைப் பெண். கல்யாணமாகித் தஞ்சாவூருக்கு வந்தவள், தெரபிஸ்ட் வேலை. முப்பது வயதுகூட இருக்காது. படபடவென்று பேசுவாள், ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் வரும்வரை பொறுத்திருப்பாள். காலையும் தோளையும் அழுத்திப் பார்த்துவிட்டு, மருத்துவர் எழுதியதையும் படித்துவிட்டுச் சொன்னாள்.

"அக்கா, சின்ன வயசுல போலியோ வந்தவங்க நிறைய பேருக்கு இந்த வயசுல மறுபடி தளர்ச்சி வரும். மிச்சமிருந்த தசைய நீங்க ரெண்டு ஆள் வேலை வாங்கிட்டீங்க. அது ஓஞ்சு போச்சு."

"எக்சர்சைஸ் பண்ணா சரியாயிடுமா?"

"பழையபடி ஆவாது. மெதுவாப் பண்ணா இருக்கறதக் காப்பாத்திக்கலாம். வேலையக் கொறைக்கணும். வீட்டுக்குள்ளயாவது வீல் சேர் வச்சுக்கணும்."

குந்தவை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சக்கர நாற்காலியில் மட்டும் ஏறக் கூடாது என்பது அவள் தனக்குத் தானே செய்துகொண்ட சத்தியம். நடப்பவர்களுக்கும் உட்கார்ந்தே போனவர்களுக்கும் நடுவே ஒரு கோடு உண்டு, தான் இந்தப் பக்கம் என்று அவள் அத்தனை வருஷமும் நம்பியிருந்தாள்.

ரிஃப்கா அதை வற்புறுத்தவில்லை. காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பீர்கள், கடையில் என்ன வேலை, வந்தபின் என்ன வேலை என்று கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசியில், "சரிக்கா, எப்ப விளையாடுவீங்க?" என்றாள்.

"என்னது?"

"விளையாட்டு, பாட்டு, எதுனா. யாருக்கும் பிரயோஜனம் இல்லாம, உங்க சந்தோசத்துக்குன்னு ஏதாவது."

குந்தவைக்குச் சுருக்கென்றது. "ஏம்மா, நாப்பத்தஞ்சு வயசாவுது எனக்கு. காலு இல்லாதவள்ட்ட வந்து விளையாடுறியான்னு கேக்குறியே, இது உனக்கே நல்லாருக்கா?"

"நல்லாத்தாங்க்கா இருக்கு" என்றாள் ரிஃப்கா சிரிக்காமல். "மருந்து எழுதுற மாதிரி எழுதுறேன். சனிக்கிழமை சனிக்கிழமை இங்க ஹால்ல ஆட்டம் இருக்கு. வேன் பைபாஸ் வரைக்கும் வரும்." சீட்டில் எழுதியும் கொடுத்தாள்.

குந்தவை அந்தச் சீட்டைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு மறந்தாள். மறந்ததாக இருந்தாள். கார்த்திகை போயிற்று, மார்கழியும் முடியப்போயிற்று. தோள் வலிக்கு மாத்திரை ஒன்று இரண்டாயிற்று. தூக்கம் போனது. தூக்கம் போன வீட்டில் வாயும் கெட்டுப்போகும் என்பார்கள். பொங்கலுக்கு முந்தின வாரம் தமிழ்நிலா, "நான் தலை வாரி விடவாக்கா?" என்று கேட்டபோது, "நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று சீப்பைப் பிடுங்கி எறிந்தாள். சீப்பு சுவரில் பட்டு இரண்டு பல் உடைந்து விழுந்தது.

தமிழ்நிலா சண்டைக்கு வரவில்லை. சீப்பை எடுத்து வைத்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். அவளுக்கும் கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "அக்கா, நீங்க ஒரு நாளாவது அக்கடான்னு இருந்து நான் பாத்ததில்ல. நீங்க அப்புடி ஓடுனா நான் எப்புடி உக்கார முடியும்? உங்களப் பாத்துப் பாத்து நானும் ஓடுறேன். எனக்கும் ஒடம்பு ஓஞ்சு போச்சுக்கா. அந்தப் பொண்ணு சொன்ன எடத்துக்குத்தான் ஒரு தடவ போயிட்டு வாங்களேன்."

தன் உழைப்பு இன்னொருத்திக்குச் சுமையாக இருந்திருக்கிறது என்பது குந்தவைக்குப் புதிய சேதி. தை பிறந்து வந்த முதல் சனிக்கிழமை வேனில் ஏறினாள்.

ஹால் என்றால் தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. சிமெண்டுத் தரையில் வெள்ளை பெயிண்டால் கோடு போட்டிருந்தது. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பாதிப் பேர் சக்கர நாற்காலியில், மிச்சப் பேர் பிளாஸ்டிக் நாற்காலியில். ஒரு பையில் கைக்கு அடக்கமான தோல் பந்துகள், சிவப்பு ஆறு, நீலம் ஆறு, வெள்ளை ஒன்று. வெள்ளைப் பந்தை முதலில் உருட்டிவிட வேண்டும். பிறகு யார் பந்து வெள்ளைக்கு நெருக்கமாகப் போய் நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. எதிராளி பந்தை இடித்துத் தள்ளலாம், வெள்ளையையே இடித்து நகர்த்தலாம். உட்கார்ந்தபடிதான் ஆட வேண்டும்.

"இது பேரு போச்சியா" என்று ரிஃப்கா சொன்னாள்.

மூலையில் சக்கர நாற்காலியில் இருந்த தடித்த மீசைக்காரர், "பேரப் பாத்தீங்களா? எல்லாம் போச்சுன்னுதானே இங்க வந்து உக்காந்துருக்கோம், ஆட்டத்துக்கும் போச்சியாவாம்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பலமுறை சிரித்த சிரிப்பு என்று தெரிந்தது. குந்தவை மட்டும் சிரிக்கவில்லை.

அவர் பெயர் நாகநாதன். பாபநாசம் பக்கம். அறுவடை மிஷின் ஓட்டியவர். ஈரமான வரப்பில் மிஷின் சாய்ந்தபோது குதித்தவருக்கு முதுகெலும்பு போயிற்று, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. அன்றைக்குக் குந்தவைக்கு எதிராளியாக அவரையே உட்கார வைத்தாள் ரிஃப்கா.

"வலது கையத் தொடக் கூடாதுக்கா. இடது கையால உருட்டுங்க."

முதல் பந்து கோட்டைத் தாண்டவே இல்லை. இரண்டாவது பந்து பக்கவாட்டில் ஓடிச் சுவரில் முட்டியது. இடது கை அவள் பேச்சைக் கேட்கவில்லை. பிளாஸ்டிக் நாற்காலி வேறு, அவள் குனியும்போதெல்லாம் ஒரு பக்கம் வழுக்கியது. நாகநாதன் அனைத்துப் புள்ளிகளையும் எடுத்தார். "பரவால்ல, மொத நாளுதானே" என்று விட்டுக்கொடுக்கிற குரலில் சொன்னார். அந்தக் குரலை அவளுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். எரிச்சலோடு வீடு வந்தாள். தமிழ்நிலா, "எப்படிக்கா இருந்துச்சு?" என்றதற்கு, "சின்னப் புள்ள வெளாட்டு" என்றாள்.

ஆனால் ராத்திரிச் சாப்பாட்டின்போது அவள் இடது கை எலுமிச்சம்பழம் ஒன்றைத் தட்டுக்குப் பக்கத்தில் மெல்ல உருட்டிக்கொண்டிருந்ததைத் தமிழ்நிலாவின் மகள் பார்த்துவிட்டு அம்மாவுக்கு ஜாடை காட்டினாள்.

அடுத்த சனிக்கிழமை ஏன் போனாள் என்று கேட்டால் அந்த மீசைக்காரரின் "பரவால்ல"தான் காரணம் என்பாள். மூன்றாவது வாரமோ நாலாவது வாரமோ அவளுடைய நீலப் பந்து வெள்ளையை ஒட்டி உட்கார்ந்தது. நாகநாதனின் சிவப்பும் அந்தப் பக்கம் ஒட்டியிருந்தது.

"என்னோடதுதான் கிட்ட" என்றார் அவர்.

"கண்ணு தெரியலையா உங்களுக்கு? நூலக் கொண்டாங்க" என்றாள் குந்தவை. கொட்டகையே திரும்பிப் பார்த்தது. அவளுக்கே அந்தக் குரல் யாருடையது என்று தெரியவில்லை. அலுவல் இல்லாமல், பதவிசு இல்லாமல், எனக்கு வேண்டும் என்று ஒன்றைக் கேட்கும் குரல். நூல் பிடித்து அளந்தார்கள். நீலம்தான். "ஜெயிச்சுட்டேன்!" என்று கத்திவிட்டாள். கத்தியதில் பிளாஸ்டிக் நாற்காலி சாய, ரிஃப்கா ஓடிவந்து பிடித்தாள்.

"அக்கா, ஆட்டத்துக்கு மட்டும் வீல் சேர்ல உக்காருங்க. இது சறுக்குது. அதுல பெல்ட் இருக்கு, குனிஞ்சு ஆடலாம்."

குந்தவை அந்த நாற்காலியைப் பார்த்தாள். நாகநாதனைப் பார்த்தாள். அவர் குனிந்து வளைந்து எறிவது எப்படி என்று இப்போது புரிந்தது. "ஆட்டத்துக்கு மட்டும்" என்றாள்.

சத்தியம் உடைந்தபோது எதுவும் இடிந்து விழவில்லை. முதுகு தானாகச் சாய்ந்தது. கக்கத்தில் கட்டை இல்லாமல், காலிப்பர் பூட்டைப் பற்றிய கவலை இல்லாமல், இரண்டு கையும் மடியில் சும்மா கிடந்தன. ஆட்டம் முடிந்து பந்தைப் பொறுக்க மற்றவர்கள் போனார்கள். அவளும் இடது சக்கரத்தை மெல்லத் தள்ளினாள், வலதை லேசாகத் தொட்டாள், நாற்காலி நகர்ந்தது. கொட்டகையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அவள் போனாள். போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கவில்லை. ஒரு இடத்துக்குப் போய்ச் சேர்ந்தும் களைக்காமல் இருப்பது எப்படி இருக்கும் என்று அதுவரை அவளுக்குத் தெரியாது. சுவரைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் அப்படியே இருந்தாள். ரிஃப்கா கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். கால் பலம் வரவில்லை. தோள் வலி போகவில்லை, குறைந்தது. ஆனால் சனிக்கிழமை ராத்திரிகளில் மாத்திரை இல்லாமல் தூங்கினாள். பிறகு ஞாயிறும் தூங்கினாள். வீட்டில் சாப்பிடும்போது நாகநாதனின் கள்ள ஆட்டத்தைப் பற்றிப் பேசினாள். "கோட்ட மிதிச்சுட்டு இல்லன்னு சாதிக்கிறான் மனுசன். காலுதான் வராதே, சக்கரத்த முன்னால விடுறான்." தமிழ்நிலா புரைக்கேறச் சிரித்தாள். ஒருநாள், "நிலா, இந்தத் தலையக் கொஞ்சம் வாரி விடேன்" என்று குந்தவையே கேட்டாள். தமிழ்நிலா எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்தாள். சாயங்காலம் இருவரும் டி.வி. முன்னால் வேலை ஒன்றும் வைத்துக்கொள்ளாமல் உட்கார்ந்திருப்பது அந்த வீட்டில் அதற்குப் பிறகுதான் நடந்தது. முதலில் இருவருக்குமே கூச்சமாக இருந்தது.

ஆடி வரை நன்றாகவே போயிற்று. ஆற்றில் தண்ணீர் வந்தது, நாற்றங்கால் போட்டார்கள், சம்பா நட்டார்கள். மறுபடி ஐப்பசி வந்தது. கடையில் அதே கூட்டம், அதே கெடு. சனிக்கிழமையும் கடை என்றார் காதர் மைதீன், தலையைக் குனிந்துகொண்டே. அவரும் என்ன செய்வார், ஆள் இல்லை. மூன்று சனிக்கிழமை அவள் ஆடப் போகவில்லை. நாலாவது சனிக்கிழமை அடைமழை, வேன் வரவில்லை. அந்த வாரம் குளியலறையில் வலது கால் மறுபடி மடங்கியது. இந்த முறை மணிக்கட்டு பிசகியது.

ரிஃப்கா வீட்டுக்கே வந்து பார்த்தாள். குந்தவை கட்டிலில் சாய்ந்திருந்தாள். "சொல்ல வேணாம், எனக்கே தெரியும்" என்றாள். "அந்த நாற்காலிக்கு எழுதிக் குடுத்துரு. ஆட்டத்துக்கு மட்டும்னு இனி சொல்ல முடியாது."

சொல்லிவிட்டு அழுதாள். தமிழ்நிலா கையைப் பிடித்துக்கொண்டாள். தெரிந்த நாற்காலிதான், பழகிய நாற்காலிதான், அதில் ஆடியிருக்கிறாள், ஜெயித்திருக்கிறாள். ஆனாலும் துக்கம் துக்கம்தான். அதை ஒரு பாட்டம் அழுது தீர்க்கத்தான் வேண்டியிருந்தது. கொட்டகையில் அந்த ஒன்பது மாதம் மட்டும் இல்லாதிருந்தால் நாற்காலியில் ஏறுவதைவிடப் படுக்கையே மேல் என்று இருந்திருப்பேன் என்று பின்னால் ஒருமுறை தமிழ்நிலாவிடம் சொன்னாள்.

காதர் மைதீன் கடையின் இரண்டு படிகளை இடித்துச் சரிவு போட்டார். "ஏற்கெனவே போட்டுருக்கணும்" என்று மட்டும் சொன்னார். மதியம் வரைதான் வேலை என்று குந்தவை சொன்னபோது தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு சரி என்றார்.

தை மாதம் அவள் திரும்பப் போனபோது கொட்டகையில் நாகநாதன் இல்லை. மழைக்காலத்தில் பிட்டத்தில் படுக்கைப் புண் வந்திருக்கிறது. உணர்ச்சி இல்லாத இடம், தெரியாமலே ஆழமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கிடந்து வீட்டுக்கு வந்திருக்கிறார். நாற்காலியில் உட்காரக் கூடாது, ஒருக்களித்தே படுத்திருக்க வேண்டும். "யார்ட்டயும் பேசறதில்லக்கா. சாப்பிடறதும் இல்லயாம். நான் போனாலும் செவுத்தப் பாத்துத் திரும்பிக்கிறாரு" என்றாள் ரிஃப்கா.

குந்தவை பந்துப் பையைப் பார்த்தாள். "வேன் அங்க போவுமா?"

நாகநாதன் வீட்டு வாசலிலும் கூடத்திலும் நெல் மூட்டைகள் அடுக்கியிருந்தன. மனைவி பிரகதாம்பாள் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தாள். புடவைக் கொசுவத்தை இடுப்பில் செருகியபடி, யார் என்ன என்று கேட்கவும் தெம்பில்லாமல் நின்றாள். ரிஃப்காவும் வேன்காரரும் குந்தவையை நாற்காலியோடு தூக்கிப் படியேற்றினார்கள். உள்ளே கட்டிலில் நாகநாதன் சுவரைப் பார்த்து ஒருக்களித்துக் கிடந்தார். மீசை ஒழுங்கில்லாமல் வளர்ந்திருந்தது.

"ஒங்களப் பாக்க வந்துருக்காங்க" என்றாள் பிரகதாம்பாள்.

"பாத்தாச்சுல்ல. போவச் சொல்லு."

குந்தவை நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். "உங்களப் பாக்க யாரு வந்தா? ஆட வந்தேன்."

நாகநாதன் போர்வையைத் தோளுக்கு மேலே இழுத்துக்கொண்டார்.

"எனக்கு ஆறுதல்லாம் சொல்ல வராதுங்க. எனக்கு யாராவது சொன்னா எரிச்சலா வரும், அதனால நானும் கத்துக்கல. மூணு மாசம் கழிச்சுத் திரும்பி வந்தா எதிராளி சரியில்ல. எல்லாரும் விட்டுக்குடுக்குறாங்க. சப்புன்னு இருக்கு."

சுவரைப் பார்த்தபடியே அவர், "உக்கார முடியாது" என்றார்.

"படுத்துட்டே ஆடுங்க. கை நல்லாத்தானே இருக்கு?"

ரிஃப்காவும் பிரகதாம்பாளுமாக அவரை மெதுவாக இந்தப் பக்கம் ஒருக்களித்துத் திருப்பினார்கள், முதுகுக்குத் தலையணை வைத்தார்கள். தாழ்ந்த கட்டில். கையைத் தொங்கவிட்டால் விரல் தரையைத் தொட்டது. குந்தவை வெள்ளைப் பந்தைக் கூடத்தின் மறுபக்கத்துக்கு உருட்டினாள். அது ஒரு மூட்டைக்கு முன்னால் போய் நின்றது. பிறகு தன் நீலத்தை உருட்டினாள். சிவப்பை அவர் விரலுக்கடியில் வைத்தாள்.

அவர் அதைத் தொடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கோழி ஒன்று உள்ளே வந்து வெள்ளைப் பந்தை முட்டை என்று நினைத்தோ என்னவோ கொத்திப் பார்த்தது. "ஏய், சூ! சூ!" என்று கத்தியது நாகநாதன்தான். "ஆட்டத்துல வந்து வாய வைக்குது பாரு" என்றவர், அந்தக் கோபத்திலேயே பந்தை விட்டார். தரையோடு தரையாக ஓடிய சிவப்பு நீலத்தை ஒதுக்கித் தள்ளிவிட்டு நின்றது.

"இத்தன நாள் படுத்துக்கிட்டே ஆடியிருக்கலாம் போலருக்கே" என்றாள் குந்தவை.

ஆறு பந்தும் முடிந்தபோது ஒரு சிவப்பும் ஒரு நீலமும் வெள்ளையின் இரு பக்கமும் நின்றன. என்னுடையது என்றார் அவர், என்னுடையது என்றாள் அவள். நூல் எங்கே என்று ரிஃப்கா தேடினாள். பிரகதாம்பாள் அடுப்படியிலிருந்து பூ கட்டும் நாரை எடுத்து வந்து, தரையில் குத்துக்காலிட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அளந்தாள். திரும்ப ஒருமுறை அளந்தாள்.

"அந்தம்மாதுதான் கிட்ட" என்றாள்.

"யாரு வீட்டுச் சோத்தத் தின்னுட்டு யாருக்குத் தீர்ப்பு சொல்றே?" என்றார் நாகநாதன்.

"என் கையால ஆக்குன சோறு. நான்தான் சொல்லுவேன்." பிரகதாம்பாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அலுப்புமாக முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "ஏங்க, அடுத்த சனிக்கிழமையும் வருவீங்களா? இவரு இன்னிக்குத்தான் வாயத் தொறந்து சண்ட போட்டுருக்காரு."

"வேன் வந்தா வர்றேன்" என்றாள் குந்தவை.

சில வாரம் வேன் வந்தது, சில வாரம் வரவில்லை. புண் ஆறச் சித்திரை ஆயிற்று. அதற்குள் அவர் மறுபடி கொஞ்சம் சாப்பிட ஆரம்பித்திருந்தார். உள்ளூர்ப் பிள்ளைகள் இரண்டு மூன்று பேர் கூடத்தில் அவரோடு ஆட வருகிறார்கள் என்று பிரகதாம்பாள் போனில் சொன்னாள். வைகாசியில் கொட்டகைக்கு வந்தார், முன்னைப் போல நாள் முழுக்க அல்ல, ஒரு மணி நேரம்தான். ஆட்டத்துக்கு நடுவே ரிஃப்கா அவரைச் சாய்த்துவிட்டு இடுப்பின் பாரத்தை மாற்றுவாள். குந்தவைக்கும் இப்போது முழு ஆட்டம் ஆட முடிவதில்லை. மூன்று சுற்றோடு தோள் நெருப்பாக எரிகிறது. இருவரும் ஓரமாக நாற்காலிகளை நிறுத்திக்கொண்டு புதிதாக வந்தவர்களின் ஆட்டத்தைப் பார்ப்பார்கள், குறை சொல்வார்கள்.

போன சனிக்கிழமை, இப்போதெல்லாம் வீடு வரைக்கும் வரும் வேன் அவளை வாசலில் இறக்கிவிட்டபோது நல்ல வெயில். தமிழ்நிலா மோர் கொண்டுவந்தாள். பாதி குடித்தவள் டம்ளரை மடியில் வைத்தபடியே நாற்காலியில் கண்ணயர்ந்தாள். தமிழ்நிலா டம்ளரை மெல்ல வாங்கி வைத்தாள். மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டு, தானும் தரையில் தலையணை போட்டுப் படுத்தாள்.